டம்ளர் கணக்கும் சிறுநீர்க் கணக்கும்

அரை லிட்டர் நார்மல் சலைன் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பை நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் இரண்டு பாட்டில் ஏறினால், வாயில் ஒரு கல் உப்பு படாமலே கிட்டத்தட்ட இரண்டு நாளைக்கான உப்பு ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதே அளவுள்ள 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், அதாவது ஊரார் சொல்லும் குளுக்கோஸ் பாட்டிலில், 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் கிடைக்கும் சக்திதான் அதில் உண்டு.

செட்டிகுளம் பக்கத்துக் காடுகளில் சின்ன வெங்காயம் பறிப்பவர்கள், அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வேலை செய்பவர்கள், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்குபவர்கள் என்று வெயிலில் நின்று பிழைக்கும் யாருக்கும் இந்த இரண்டு பாட்டில்களும் புதிதல்ல. "கை காலெல்லாம் ஓஞ்சு வருது சார், ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல ஆண்டுப் பழக்கம். போட்டதும் தெம்பு வருவதும் உண்மைதான். கோடை வெயிலில் கடினமாக உழைக்கும் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்வை போகும். போனது திரும்பி வந்தால் கண் தெளியும். ஆனால் வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதே அளவு ஓ.ஆர்.எஸ். கரைசல் இதே வேலையைச் செய்துவிடும். ஊசி வேண்டாம், நரம்பில் புண் வராது, செலவும் மிச்சம்.

குடிக்க முடியாதவர், ரத்த அழுத்தம் விழுந்தவர், அறுவை சிகிச்சை முடிந்தவர் ஆகியோர் நிலைமை வேறு. அவர்களுக்கு அந்த பாட்டில் உயிர் காக்கும் மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். 2013-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நரம்புவழித் திரவங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது, இவற்றைப் பெறும் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர்வரை தவறான அளவால் ஏதாவது ஒரு சிக்கலுக்கு ஆளாகிறார் என்று சொன்னது. மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்குப் பார்க்கும் மருத்துவ உலகம், பாட்டில் விஷயத்தில் அந்தக் கறாரைக் காட்டவில்லை என்பதே அந்த ஆவணத்தின் கவலை.

அளவு எங்கிருந்து கிடைக்கிறது? விலை உயர்ந்த கருவிகளிலிருந்து கிடைப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி, நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்ற கணக்கிலிருந்து வருகிறது. நம் ஊர் வார்டில் அந்தக் கணக்கில் பாதி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடமோ மகளிடமோ இருக்கிறது. அவர்களிடம் அதைக் கேட்டு வாங்கும் முறை மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.

*

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கும். பச்சிளங்குழந்தைக்கு எடையில் முக்கால்பங்கு தண்ணீர். வயதானவர்களுக்குப் பாதி அளவுக்கு வந்துவிடும். அந்த 36 லிட்டரில் 24 லிட்டர் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மீதி 12 லிட்டரில் பெரும்பகுதி செல்களுக்கு இடையில் உள்ள இண்டு இடுக்குகளில். ரத்தக்குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக ஓடுவது 3 லிட்டர் அளவுதான். நாடி, ரத்த அழுத்தம் என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பதெல்லாம் இந்த 3 லிட்டரின் நிலவரத்தைத்தான். மற்ற 33 லிட்டர் நேரடியாகக் கண்ணில் படாது.

நரம்பில் ஏற்றும் திரவம் நரம்பிலேயே நின்றுவிடுவதில்லை. ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால், சிறிது நேரத்தில் முக்கால்பங்கு குழாய்களைவிட்டு வெளியேறித் திசுக்களுக்குள் போய்விடும். ஒரு லிட்டர் குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரையை உடல் எரித்துவிடும். மிஞ்சும் வெறும் தண்ணீர் செல்களுக்குள்ளும் வெளியிலுமாகப் பரவி, ரத்தக்குழாயில் 100 மில்லிகூடத் தங்காது. ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் போட்டு ஏன் பலனில்லை என்பதற்கு விடை இதுதான்.

ஒரு நாளைய வரவு செலவைப் பார்க்கலாம். அதே 60 கிலோ ஆளுக்கு, காய்ச்சலும் வாந்தியும் இல்லாத நாளில், 1,500 முதல் 1,800 மில்லி தண்ணீர் தேவை. நைஸ் சொல்லும் கணக்கு, கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி. செலவுப் பக்கத்தில் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது. அது கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தெரியாமல் போவது நாளுக்கு 500 முதல் 800 மில்லி. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த இழப்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். மலத்தில் 100 முதல் 200 மில்லி. வாந்தி, பேதி, வடிகுழாய், மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் ட்யூப் என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி வேண்டும்.

இந்தப் பத்திகளெல்லாம் அச்சடித்த தாள் ஒவ்வொரு வார்டிலும் உண்டு. இன்டேக்–அவுட்புட் சார்ட் என்று பெயர். கேஸ் ஷீட்டோடு கட்டில் கால்மாட்டில் தொங்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கூட்டி, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை முடித்து, "கூடுதல் 600", "குறைவு 400" என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் மறுநாள் பாட்டில் முடிவாகிறது.

அந்தத் தாளை நிரப்பும் வேலையைக் கிட்டே நின்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். ரவுண்ட்ஸுக்கு முன்னால் சிஸ்டர் கட்டில் கட்டிலாக வருகிறார்.

"அம்மா, அய்யா ராத்திரியிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சாரு?"

"நல்லா குடிச்சாருங்க சிஸ்டர்."

"நல்லான்னா எத்தனை டம்ளர்?"

"மூணு நாலு இருக்குங்க. அப்பறம் கொஞ்சம் கஞ்சி."

எவர்சில்வர் டம்ளரில் 150 மில்லி பிடிப்பதும் உண்டு, 300 மில்லி பிடிப்பதும் உண்டு. மூன்று டம்ளருக்கும் நான்கு டம்ளருக்கும் இடையில், டம்ளரின் அளவும் தெரியாமல், வித்தியாசம் முக்கால் லிட்டருக்கே போய்விடும். கஞ்சி பெரும்பாலும் தண்ணீர். சோற்றிலேகூட எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சிறுநீர்ப் பக்கம் இன்னும் சிக்கல். ட்யூப் போட்டுப் பை மாட்டியிருந்தால் கணக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் பை சாய்ந்து தொங்கினால் அதன் மேலுள்ள கோடு பொய் சொல்லும். அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். ட்யூப் போடாதவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்தால் அது யார் கணக்கிலும் ஏறாது. "கொட்டிட்டேங்க, அளக்கணும்னு யாரும் சொல்லலியே" என்று மகன் சொன்னால் அதில் அவன் தப்பு எதுவுமில்லை.

இரவு டூட்டியில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதை அரசு மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் அறிவார்கள். அவர் ஒவ்வொரு டம்ளரையும் நின்று எண்ண முடியாது. எனவே பல கட்டில்களில் இந்தத் தாள், காலையில் ஒரே மூச்சில் ஞாபகத்தைக் கொண்டு நிரப்பப்படும் தாளாக ஆகிவிடுகிறது. இது இந்த இரண்டு மாவட்டத்துக் குறை மட்டுமல்ல. தாளில் உள்ள கணக்கையும் நோயாளியின் எடை மாற்றத்தையும் ஒப்பிட்டு வெளிநாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த ஆய்வுகளிலும் இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை.

எடைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரே ராத்திரியில் யாருக்கும் ஒரு கிலோ சதை வைக்காது, ஒரு கிலோ சதை குறையவும் குறையாது. நேற்றுக் காலை 58 கிலோ இருந்தவர் இன்று காலை 60 கிலோ என்றால், தாள் என்ன சொன்னாலும் உடம்பில் இரண்டு லிட்டர் கூடியிருக்கிறது. அதே எடை மெஷின், அதே நேரம், ஏறக்குறைய அதே உடை, இவ்வளவுதான் நிபந்தனை. எழுந்து நிற்க முடிகிற ஒவ்வொரு நோயாளியையும் தினம் ஒரு முறை எடை மெஷினில் ஏற்றி இறக்கினால், தாளின் தப்பு அன்றைக்கே பிடிபட்டுவிடும். இத்தனை மலிவான சோதனை இத்தனை அரிதாகச் செய்யப்படுவது வருத்தமானது.

*

நரம்பில் உப்பு நீர் ஏற்றும் யோசனை காலராவிலிருந்து பிறந்தது. 1831–32-ல் பிரிட்டனில் காலரா பரவியபோது, வில்லியம் ஓ'ஷாஹ்னெசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவின் தந்தி வலையை அமைத்தவரும் இவரே. அவர் சொன்னதைச் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லட்டா. 1832-ல், பிழைக்கவே மாட்டார் என்று விடப்பட்ட ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். ஆறு பைன்ட், அதாவது மூன்று லிட்டருக்கு மேல் போனதும், குழிந்த கண்கள் நிமிர்ந்தன, நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். லட்டா நிம்மதியாகக் கிளம்பிப் போனார். பேதி மறுபடி தொடங்கியது. போனதை ஈடுகட்ட யாரும் முனையவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார்.

நரம்புவழி சிகிச்சையின் முதல் வெற்றியும் முதல் பாடமும் அந்த ஒரே கட்டிலில் நடந்துவிட்டன. முதல் மூன்று லிட்டர் சரி. அதற்குப் பிறகு எவ்வளவு போகிறது என்று கவனித்திருக்க வேண்டும்.

அந்தக் கவனிப்புக்கு ஒரு கட்டில் உருவாக மேலும் நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின. டாக்காவில் 1960-ல் தொடங்கிய காலரா ஆய்வுக்கூடத்தில் பயன்பட்ட கட்டிலின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும், அடியில் அளவுக்கோடு போட்ட வாளி. வயிற்றுப்போக்கு அப்படியே வாளியில் விழும். இத்தனை மணி நேரத்தில் இவ்வளவு என்று பார்த்து, அதே அளவு திரவத்தை உள்ளே தருவார்கள். கடும் காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும் என்பதை அந்த வாளி காட்டியது. இதே இடத்தில்தான் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும், சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலை வாயால் கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று 1968-ல் காட்டினார்கள். குடலின் சுவர் சர்க்கரையை உறிஞ்சும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. சோடியத்தின் பின்னே தண்ணீர் போகிறது. காலரா விஷம் இந்த வழியை அடைப்பதில்லை.

மூன்றே ஆண்டில் அதற்குப் பெரிய சோதனை வந்தது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்துப் பான்காவ்ன் முகாமில் காலரா. மருத்துவர் திலீப் மகலனாபிஸின் குழுவிடம் சலைன் தீர்ந்துபோனது. உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார் அவர். தாயும் தமக்கையும் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. முகாமில் ஜெயித்தது ஒரு கரைசல் என்று எழுதுவார்கள். பயிற்சி இல்லாத உறவினர்களை நம்பி அளவைச் சொல்லிக்கொடுத்த துணிவையும் அதற்குச் சமமாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். கடையில் விற்கும் இனிப்புப் பானப் பெட்டிகள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வந்ததையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை எடுக்க உத்தரவிட்டது.

*

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பெரம்பலூர், அரியலூர் வார்டுகளில் டெங்கு. உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்பது இரண்டாவது. சிகிச்சை தரும் மருத்துவரின் கண்ணோ பி.சி.வி. என்ற வேறோர் எண்ணின் மேல் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதை அது சொல்கிறது. டெங்குவில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசிய ஆரம்பித்து, பிளாஸ்மா வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். தண்ணீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். அது வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக நடக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்குகிற வேளையில், "ஜுரம் விட்டுடுச்சு, வீட்டுக்குக் கூட்டிப் போறோம்" என்று குடும்பம் கிளம்பும்போது வருகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடித்துவிட்டு, தானாக நிற்கும். நின்றதும், வெளியே போன திரவம் ரத்தக்குழாய்க்குத் திரும்பும். முதல் நாள் தேவைப்பட்ட பாட்டிலை மூன்றாம் நாளும் அதே வேகத்தில் ஓடவிட்டால், ஏற்றியதும் திரும்பியதும் சேர்ந்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஒரே நோய், ஒரு நாள் திரவம் போதாமல் உயிர் போகலாம், மறுநாள் திரவம் மிஞ்சி உயிர் போகலாம்.

இலங்கை இதை எண்ணிலே கட்டிப்போட்டது. பாங்காக்கின் குயின் சிரிகிட் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு, தங்கள் தேசிய வழிகாட்டுதலில் அவர்கள் எழுதிய கணக்கு இப்படிப் போகிறது: கசிவு நடக்கும் 48 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு நாளின் வழக்கமான தேவை, கூட உடல் எடையில் 5 சதவீதம். 50 கிலோ ஆளுக்கு 2,100 மில்லியும் 2,500 மில்லியும் சேர்த்து 4,600 மில்லி. அதற்கு மேல் எடையுள்ளவருக்கும் 50 கிலோ கணக்குதான். வாயால் குடிப்பது, நரம்பில் ஏற்றுவது எல்லாமே அந்த 4,600-க்குள். மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார்கள். கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே போனால் கூட்டுகிறார்கள். ஒரு மில்லியைத் தாண்டினால், அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று குறைக்கிறார்கள். 2017-ல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. நாட்டு வரலாற்றிலேயே பெரிய அலை. இறந்தவர்கள் 440. ஆயிரத்துக்கு மூன்று பேருக்கும் குறைவு. அத்தனை கூட்டத்திலும் அளவு ஜாடியைக் கைவிடாத வார்டுகளுக்கு இதில் பங்குண்டு.

அளவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கசப்பான சான்று. உகாண்டா, கென்யா, தான்சானியாவில், கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குறைந்தும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வேகமாக சலைன், ஒரு பிரிவுக்கு அல்புமின், மூன்றாம் பிரிவுக்கு வேக ஏற்றம் இல்லாமல் மெதுவான திரவம் மட்டும். வேகமாக ஏற்றினால் பிழைப்பார்கள் என்றே உலகெங்கும் பாடம் நடத்திவந்தார்கள். 48 மணி நேரத்தில் முதல் இரண்டு பிரிவுகளில் 10.5, 10.6 சதவீதக் குழந்தைகள் இறந்தன. மூன்றாம் பிரிவில் 7.3 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு வேகமான சலைன் இன்றும் உயிர் காக்கும் மருந்துதான். வற்றிய உடம்பையும் கசிகிற உடம்பையும் பிரித்தறிவதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

*

பிரித்தறியக் கருவி இல்லையே என்று சிறிய மருத்துவமனைகள் கையைப் பிசைய வேண்டியதில்லை. விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து விநாடி அழுத்திவிட்டு விட்டால், வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். 2019-ல் வெளிவந்த ஆண்ட்ரோமெடா–ஷாக் ஆய்வில், ரத்தத்தில் லாக்டேட் அளவை ஆய்வகத்தில் சோதித்துச் சிகிச்சை தந்ததற்கு இந்த விரல் சோதனை சளைக்கவில்லை. கால்கள் இரண்டையும் 45 பாகை உயர்த்திப் பிடித்தால், கால்களில் தேங்கிய 300 மில்லி அளவு ரத்தம் இதயத்துக்கு வரும். அதனால் நிலைமை தேறினால், திரவம் தந்தாலும் தேற வாய்ப்பு உண்டு. தேறாவிட்டால் காலை இறக்கிவிடலாம். ஏற்றிய பாட்டிலை இறக்க முடியாது.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது குழந்தைக்கு நல்ல சோதனை. தாத்தாவுக்கு அது உதவாது; வயதானால் தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும். நாக்கு வறண்டிருந்தால் வாயால் மூச்சு விடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

வயதானவர்கள் பற்றிப் பேசும்போது, "சோடியம் குறைஞ்சு ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க" என்ற பேச்சைத் தாண்டிப் போக முடியாது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். அது 115-க்கு இறங்கிக் குழம்பிப்போய் வரும் பெரியவர் உப்பு சாப்பிடாததால்தான் இப்படி ஆனார் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் மிஞ்சியிருப்பதுதான் காரணம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சிலவகை நீர் மாத்திரைகளும் இதைச் செய்யும். சரிசெய்வதில் அவசரம் ஆபத்து. ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளையின் நரம்பு உறைகள் சிதைந்து கைகால் முடங்கலாம். "மூணு நாளா வச்சிருக்காங்களே" என்று குடும்பம் அலுத்துக்கொள்ளும் அந்த மூன்று நாளும் தேவையான நாட்கள்.

கண்ணாடி விரியன் கடித்து வருபவருக்குச் சிறுநீர்தான் முதல் செய்தி. விஷமுறிவு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் அடிவாங்கலாம். நாள் முழுக்கச் சேர்த்து 400 மில்லிக்கும் குறைவாகப் போனால், சிறுநீரக நிபுணரைக் கூப்பிட வேண்டிய நேரம். "ஒண்ணுக்கு வரலியே, இன்னொரு பாட்டில் போடுங்க" என்று கேட்பது இயல்பு. வேலை நிறுத்திய சிறுநீரகத்துக்கு இன்னொரு பாட்டில் உதவாது. அது நுரையீரலுக்குத்தான் போகும். டயாலிசிஸ் வேண்டியிருக்கும்.

பெரம்பலூர் 1995-லும் அரியலூர் கடைசியாக 2007-லும் தனி மாவட்டங்களாயின. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. பெரம்பலூர் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. இவை வருவதற்கு முன்னெல்லாம் கொஞ்சம் சிக்கலான நோயாளி என்றாலே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஆம்புலன்ஸ் கிளம்பும். இப்போதும் கிளம்புகிறது, குறைவாக. அந்த ரெஃபரல் சீட்டில் மருந்துப் பெயர்கள் இருக்கும். எத்தனை மில்லி ஏறியது, எவ்வளவு சிறுநீர் போனது என்ற இரண்டு எண்கள் பல நேரம் இருக்காது. அடுத்த மருத்துவமனை பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஏறியதற்கு மேல் ஏற்றும். எந்தச் சீட்டிலும் இந்த இரண்டு எண்களுக்கு ஓர் இடம் அச்சிட்டு வைப்பதற்குப் பட்ஜெட் ஒன்றும் தேவையில்லை.

பாட்டில் ஓடும் வேகமும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி எட்டு மணி நேரத்தில் போக, நிமிடத்துக்கு 21 சொட்டு. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி வைத்துவிட்டுப் போன பிறகு, "சீக்கிரம் முடிஞ்சா பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்று யாரோ உருளையைத் தள்ளிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 100 சொட்டு ஆனால் அதே பாட்டில் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் உள்ளே போய்விடும். இதயம் பலவீனமானவருக்கு அது போதும், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்க.

வார்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. நோயாளி வந்து சேரும்போதே அவருக்கென்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒதுக்கி, அதிலிருந்து மட்டும் ஊற்றிக் கொடுக்கச் சொல்லலாம். மாலையில் மிச்சத்தைப் பார்த்தால் குடித்தது தெரிந்துவிடும். டீ, மோர், கஞ்சிக்கு வீட்டு டம்ளரை ஒரு முறை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்து, அதன் கொள்ளளவைத் தாளின் தலையில் எழுதலாம். கழிப்பறை வாசலில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. குழந்தைக்கு டயப்பர் என்றால் ஈர டயப்பரின் எடையிலிருந்து காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் போதும், ஒரு கிராம் ஒரு மில்லி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால் டம்ளருக்கு ஒரு கோடு கிழிக்கட்டும். நாற்று நடவுக்கு ஆள் கணக்கும் மூட்டைக்கு எடைக் கணக்கும் பிசகாமல் வைத்திருக்கும் கைகளுக்கு இது பெரிய பாரமில்லை.

வீட்டிலேயே இந்தக் கணக்கை வைப்பவர்கள் ஏற்கனவே நம்மிடையே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்து, வந்ததை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். இரண்டு லிட்டர் உள்ளே போய் 2,300 வெளியே வந்தால் உடம்பிலிருந்து 300 மில்லி இறங்கியிருக்கிறது. 1,800 வந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். தினம் பல முறை இதைச் செய்பவர்கள் குடும்பத்தாரும் நோயாளிகளும்தான்.

இதயம் தளர்ந்து, கால் வீங்கி, லேசிக்ஸ் ஊசியில் நீர் இறங்கி வீடு திரும்புகிறவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு நோட்டு போக வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடுமுன் எடை. வீட்டில் மெஷின் இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பது, ராத்திரி படுக்க ஒரு தலையணை போதுமா இரண்டு வேண்டியிருக்கிறதா என்று குறிப்பது, அதற்கடுத்த வரிகள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டால், மாத்திரை வாங்கப் போகும் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பி வர வேண்டும்.